ஆலா குத்தும் இடம்

“…அங்க இல்லங்க, அந்தக் கறுத்த தண்ணிக்கு இங்கிட்டுப் பாருங்க. ஆலா குத்துது, தெரியுதா? அதுக்கு அடியில மீன் உண்டுமாக்கும்!” என்று கடலைப் பார்த்துக் கை நீட்டினாள் என் மனைவி மகேஸ்வரி. எனக்கு வானமும் தண்ணீரும்தான் தெரிந்தன. சாத்தூரில் பிறந்து வளர்ந்தவள் வாயில் இந்த ‘ஆக்கும்’ எப்போது குடியேறியது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பாறசாலைக்கு வந்து சேவுக் கடை போட்டு மூன்று வருடம் ஆகிறது. கரிசல் காட்டு ஆட்களான உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்: இங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது மலையாளப் போர்டை அவள்தான் எனக்கு வாசித்துச் சொல்கிறாள். ஊரில் தேரடியைத் தாண்டுவதென்றால் “கூட வாரீகளா?” என்று என்னைக் கேட்டவள். தெருவில் எனக்கு இரண்டடி பின்னால்தான் வருவாள். அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது அவள் திரும்பி நின்று எனக்காகக் காத்திருக்கிறாள்.

எல்லாம் மீன்கூடை சுமந்து கடைப்பக்கம் வரும் பிலோமி அக்காவால் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளைத் தன் ஊரான பொழியூர்க் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அதிலிருந்து ஞாயிறு மாலை என்றால் கடற்கரைதான். ஈர மணலில் நண்டு கோலம் போடுவதையும், அலைக்கு அப்பால் ஓங்கல் என்கிற டால்பின் முதுகைக் காட்டி முங்குவதையும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி மாய்வாள். நான் கடலை மாவு பிசைந்துகொண்டே ‘உம்’ கொட்டுவேன்.

அங்கே கரைமடி என்று ஒரு மீன்பிடி உண்டு. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வலையோடு வள்ளம் கடலில் காத்திருக்கும். கரையில் ஒருவர் மேட்டில் ஏறி நின்று, ஆலாப் பறவைகள் எங்கே தலைகீழாக விழுந்து குத்துகின்றன என்று பார்த்துத் துண்டு வீசுவார். உடனே வலையை இறக்கி வளைத்துக்கொண்டு வள்ளம் கரைக்கு வரும். அப்புறம் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று இழுக்க வேண்டும். பிலோமி அக்காவின் கணவர் சூசையண்ணன்தான் துண்டு வீசுகிறவர். நான் கூடப் போன அன்றைக்கு அந்தத் துண்டை மகேஸ்வரியிடம் கொடுத்து, “மக்கா, உனக்க கண்ணு கொள்ளாம், நல்ல கண்ணாக்கும். நீயே பாத்துச் சொல்லு” என்றார். பக்கத்தில் நின்ற என்னை அவர் ஒப்புக்குக்கூடப் பார்க்கவில்லை.

பொறாமையை நம் ஊரில் வயிற்றெரிச்சல் என்போம். இங்கே கண்ணுகடி என்கிறார்கள். எனக்கு வயிற்றில் எரிந்தது மேலேறி வந்து கண்ணைக் கடித்தது. சூசையண்ணன் மேல் பொறாமை, பிலோமி அக்கா மேல் பொறாமை. ஏன், அந்த ஆலாவின் மேலும்தான். எங்கிருந்து வந்தாய் என்று அதை யாரும் கேட்பதில்லை. என் மனைவி அதைப் பார்த்த பார்வையில் கால்வாசிகூட இந்த மூன்று வருடத்தில் என் பக்கம் திரும்பியதில்லை.

அன்று காலையில்தான் எஸ்.டி.டி. பூத்தில் என் அண்ணன் பேசியிருந்தார். ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை ஒன்று காலியாகிறதாம், ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டுமாம். அதை அவளிடம் பேசத்தான் கூடவே வந்தேன். வந்த இடத்தில் ஆலா பேச்சு.

அப்போது தெற்கே வெள்ளையாக ஒரு கூட்டம் தாழ்ந்து சுற்றுவது என் கண்ணில் பட்டது. என் கண்ணிலும் பட்டதே! அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் தோள்துண்டை உருவி வீசு வீசென்று வீசினேன். வள்ளம் அந்தப் பக்கம் திரும்பி வலையை இறக்கியது.

“ஐயோ, அது சும்மா வட்டம் போடுதுங்க. குத்தல!” என்று அவள் கத்தியது காற்றோடு போயிற்று.

“எலே, ஆருலே துண்டு வீசினது?” என்று ஓடி வந்த சூசையண்ணன், என் கையைப் பார்த்ததும் நின்றார். “சேவுக்காரரே, வலைய எறக்கியாச்சு. இனி சொறி வந்தாலும் இழுத்துத்தான் ஆகணும். உங்க ஊருல சொறிமீன வறுத்துத் திங்குவியளோ?”

சொறி என்றால் தொட்டால் அரிக்கும் ஜெல்லி மீன். கரையே சிரித்தது. வள்ளம் வந்து சேர்ந்ததும், சிரித்தபடியே அத்தனை பேரும் இரண்டு பக்கமும் பிரிந்து கயிற்றைப் பிடித்தார்கள். வெறும் வலை என்று தெரிந்தும் இழுத்தார்கள். ஒருவரும் என்னை வையவில்லை. வைதிருந்தால் தேவலை.

“போதும் மகேசு. சித்திரை முடியவும் கடையக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிருவோம். அண்ணனுக்குப் பதில் சொல்லணும்” என்றேன்.

அவள் துண்டைச் சூசையண்ணனிடம் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மணலில் இறங்கி, வடக்குக் கயிற்றின் கடைசியில் போய்ப் பிடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஓரடி முன்னால் தள்ளி நின்று, தனக்குப் பின்னால் இன்னொரு ஆள் பிடிக்கிற அளவுக்குக் கயிற்றில் இடம் விட்டு, திரும்பிப் பார்க்காமல் இழுக்கத் தொடங்கினாள்.