வி அறுபது புள்ளி மூன்று

வியாதிக்கு எண் போடுவது எங்கள் வேலை. அமெரிக்காவில் டாக்டர் எழுதும் குறிப்பு கம்ப்யூட்டரில் வந்து சேரும். மதுரை பைபாஸ் ரோட்டில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து அதை வாசித்து, இன்ன வியாதிக்கு இன்ன எண் என்று போட்டு அனுப்புவோம். மற்றவர்கள் போட்டதில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அதனால் என்னோடு சாப்பிட உட்காருகிறவர்கள் அங்கே குறைவு.

கனகலட்சுமி உட்காருவார். நாற்பத்து நான்கு வயது, சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பம். அம்மா இறந்த பிறகு விளாங்குடி வீட்டில் அவர் மட்டும்தான். தம்பி சென்னையில். "எங்க பாஷையில பேசி எம்புட்டு நாளாச்சு தெரியுமாண்ணே?" என்று ஒருநாள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். ஊறுகாயை அவர் பக்கம் தள்ளினேன்.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் ஒன்றாம் தேதி எண்கள் மாறும். சில எண்கள் செத்துப்போகும், சிலதுக்கு வால் முளைக்கும். மாற்றுகிறவனுக்கு என்ன, மாற்றிவிட்டுப் போய்விடுவான். இங்கே கிடந்து மாரடிப்பது நாங்கள். முன்பெல்லாம் பழகிக்கொள்ள மூன்று மாதம் சலுகை உண்டு. 2004இல் அதையும் எடுத்துவிட்டார்கள். படுக்கைப் புண்ணுக்கு அதுவரை ஒரே எண் இருந்தது. அந்த வருஷம் முதல் முதுகா, இடுப்பா, குதிகாலா என்று இடத்துக்கு ஒரு எண். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: அக்டோபர் மாதம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகப் போடாதவர்கள் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம்.

கனகலட்சுமி நடுங்கிப்போனார். அவர் படித்தது பி.காம். உடம்பின் உறுப்புகளையெல்லாம் நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவர். "சம்பளம்கூட எப்படியாவது சமாளிச்சுருவேன்ணே. காலையில எந்திரிச்சு எங்க போறது?" என்றார். செப்டம்பர் முழுக்க மாறிய எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, பழைய புத்தகத்தில் அந்தந்த இடத்தில் ஒட்டினார். பஸ்ஸிலும் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வருவாராம்.

எத்தனை மாறினாலும் ஓர் எண் மாறவில்லை. வி அறுபது புள்ளி மூன்று. தனியாக வசிப்பவர் என்று பொருள். வியாதி இல்லை, ஆனாலும் அதற்கும் ஓர் எண் வைத்திருந்தார்கள். டாக்டர் குறிப்பில் எழுதியிருந்தால்தான் அதைப் போடலாம். நாமாக எதையும் ஊகிக்கக் கூடாது.

அந்த எண் விழும் பாட்டி ஒருவர் இருந்தார். எண்பத்தொரு வயது, இதய நோய், கால் வீக்கம். பெயர் எங்களுக்குத் தெரியாது. மாதம் இரண்டு முறை அவருடைய கோப்பு வரும், கனகலட்சுமிதான் பார்ப்பார். "அந்தம்மாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சிருக்குண்ணே" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருக்கும்.

அக்டோபர் கடைசி வாரம் அவர் போட்டதைச் சரிபார்க்க எடுத்தேன். புது எண்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. வேறு சில்லறைத் தப்புகள் இருந்தும் சரியாகத் தொண்ணூற்றேழில் நின்றார். மிச்சம் இருந்தது அந்தப் பாட்டியின் கோப்பு ஒன்றுதான். கடைசி வரியில் வழக்கம்போல வி அறுபது புள்ளி மூன்று. டாக்டர் எழுதியிருந்ததோ, நோயாளி இப்போது மகளுடன் வசிக்கிறார் என்று.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அந்தம்மா தனியாத்தான் இருக்காங்கண்ணே" என்றார், திரையைப் பார்க்காமலே.

"வாசிங்கம்மா."

வாசித்தார். தெரிந்த வரிதானே என்று அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். "மக எப்ப வந்துச்சாம்?" என்று கேட்டார்.

இதையும் தப்பாகக் கணக்கெடுத்தால் அவர் தொண்ணூற்றேழுக்குக் கீழே போய்விடுவார். இருவருக்கும் தெரியும். "நான் பார்க்கலைன்னு வச்சுக்குவோம். அப்படியே விட்டுருவோமா?" என்றேன். இத்தனை வருஷ வேலையில் அதற்கு முன் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"வேண்டாம்ணே. மக வந்திருக்கு. வந்த பிறகும் அந்தம்மாவைத் தனியாள்னு நான் எழுதலாமா? அழிச்சுட்டுத் தப்புன்னே போடுங்க."

போட்டேன். நவம்பர் ஐந்தாம் தேதி அவரை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார். வேறு வேலை எதுவும் அமையவில்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு தெரியும்ணே. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கிறேன். அந்தம்மாகூட மக இருக்குல்ல?" என்றார்.

அவர் போன பிறகு அந்தக் கோப்பு என்னிடம்தான் வந்துகொண்டிருந்தது. மகள் டிசம்பரிலேயே கிளம்பிப் போய்விட்டாள். அன்று காலையில்தான் அந்த எண்ணைத் திரும்பவும் என் கையாலேயே போட்டிருந்தேன்.

"இருக்காங்கம்மா. நல்லாப் பாத்துக்கிறாங்க" என்றேன்.

"அப்பச் சரிண்ணே. வச்சிரவா?" என்றார். ஆனால் வைக்கவில்லை. நானும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.