நான் மாற்றிச் சொன்ன இடம்

கடலடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிலிருந்து புண்ணுக்குப் புது மருந்து தேடும் அம்மா ஒருவர் எங்கள் கடப்பாக்கத்துக்கு வந்தார். கேட்டபடி, மீன்பிடிக்கப் போனபோது ஒரு டப்பா சேறு அள்ளிவந்து கொடுத்தேன். எந்த இடம் என்று கேட்டார். மீன் கிடைக்கும் இடத்தை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. பழக்கத்தில் கரையிலுள்ள பழைய கோட்டைக்கு நேரே என்று கை காட்டினேன். அள்ளியதோ தெற்கே, எனக்கு மீன் கிடைக்கும் கடலடிப் பாறை ஓரத்தில்.

சில மாதம் கழித்து வந்தார். "அண்ணே, அந்தச் சேத்துல இருந்த நுண்ணுயிரு, எந்த மருந்துக்கும் சாகாத கிருமியைக் கொன்னுச்சு. ஆனா லேப்ல அது செத்துப்போச்சு. அதே இடத்துக்குப் போகணும்."

பொய்யை ஒப்புக்கொள்ள வெட்கம். நான்கு முறை கோட்டைக்கு நேரேயே கூட்டிப்போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் என் மைத்துனன் காலில் கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எந்த மருந்துக்கும் புண் அடங்காமல் காலை வெட்டி எடுத்தார்கள். படுத்தபடியே கேட்டான்: "இன்னா மாமா, உன் சேத்தம்மா கையில ஒண்ணும் இல்லியா?"

வெளியே வந்து அந்த அம்மாவுக்கு போன் செய்து மைத்துனன் கால் போனதையும் உண்மையையும் சொன்னேன். அவர், "மருந்தா வர பல வருஷம் ஆகும். முதல்லயே சொல்லியிருந்தாலும் அந்தக் கால் தப்பியிருக்காதுண்ணே" என்றார்.

போன வாரம் அவரைப் பாறைக்குக் கூட்டிப்போனேன். ஊன்றுகோலோடு கரையில் நின்ற மைத்துனன்தான் படகு தள்ள ஆள் கூப்பிட்டான். இடத்தை மாற்றிச் சொன்னதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.