குழாய் வாயில் கட்டிய ஸ்பாஞ்சு

எங்க ஊருக்கு மேல, எஸ்டேட் ரோட்டோரம், பழைய ஸ்பாஞ்சு கிழிக்கிற ஷெட்டு ஒண்ணு இருக்கு. ரிசார்ட்டுக்காரங்க தூக்கிப் போடற மெத்தை, சோபா எல்லாம் லாரியில வரும். நாங்க நாலு பேர் கிழிச்சு மெஷின்ல போட்டுத் தூளாக்குவோம். அது மறுபடி மெத்தையாகும். உள்ள இடம் பத்தாது, பாதி வெளியிலதான் குவிஞ்சு கெடக்கும். மழை பேஞ்சா நனையும், வெயிலடிச்சா காயும். கேக்க நாதியில்ல.

அந்த ஸ்பாஞ்சுல தீ புடிக்காது. லைட்டர் வெச்சாக் கருகி அணைஞ்சிரும். ஊட்டுல எம்மகளுக்கு வித்தை மாதிரி காட்டுவேன். கை தட்டுவா.

எங்க ஊர்க் குழாய்க்கு ஊத்துத் தண்ணிதான், மழைக்காலத்துல செம்மண்ணாத்தான் வரும். மக பால் மறந்து தண்ணி குடிக்க ஆரம்பிச்சப்ப, அந்தச் சேறு அவ வயித்துக்குள்ள போகக்கூடாதுன்னு, ஷெட்டுலிருந்து நல்ல வெள்ளைத் துண்டா எடுத்து வந்து குழாய் வாயில கட்டினேன். தண்ணி தெளிவா வந்துச்சு. "நொம்ப நல்ல காரியம் பண்ணுனீங்க"ன்னு ஊரே சொல்லுச்சு. எனக்குத் தலைகால் புரியல. மூணு வருசமா மழைக்கு மழை நாந்தான் மாத்திக் கட்டினேன்.

இந்த மழைக்குத் தண்ணி சோதிக்கிற அம்மா ஒருத்தங்க பாட்டில்ல புடிச்சுட்டுப் போனாங்க. திரும்பி வந்து குழாயடியிலயே சொன்னாங்க. தீ புடிக்காம இருக்க ஸ்பாஞ்சுல ஏதோ மருந்து கலப்பாங்களாம். குவியல் மேல பெய்யற மழை அதைக் கரைச்சு ஊத்துல சேக்குதாம். உடனே ஒண்ணும் தெரியாதாம். சின்னப் புள்ளைங்க வளர்ச்சியைத்தான் கெடுக்கலாமாம்.

"ஏனுங்க, காய்ச்சினாப் போயிருமுங்களா?"ன்னேன்.

"போகாதுங்க."

பக்கத்து ஊட்டு அக்கா மட்டும் சிரிச்சுது. "நல்ல வேளை, நம்ம குழாயில வடிகட்டி இருக்குதுங்க"ன்னு என்னையக் கை காட்டுச்சு. அந்தம்மா குழாய் வாயைத் தொட்டுப் பாத்தாங்க.

"இது எங்க வாங்கின ஸ்பாஞ்சுங்க?"

"ஷெட்டுதுங்க"ன்னேன்.

யாரும் திட்டல. திட்டியிருந்தாத் தேவலாம். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டவன்னு சொல்லுவாங்க, நான் எம்மகளுக்கே வெச்சிருக்கேன். அழுகை வரும்னு பாத்தேன், வரல. குழாய் வாயிலிருந்து ஸ்பாஞ்சை அறுத்துப் போட்டேன்.

முதலாளிகிட்டச் சொன்னதுக்கு, தார்ப்பாய் போட்டு மூடலாம்னாரு. இன்னும் மூடல. லாரித் தண்ணிக்கு அந்தம்மா எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அதுவும் இன்னும் வரல. நானும் காலையில எந்திரிச்சு ஸ்பாஞ்சு கிழிக்கத்தான் போறேன்.

நேத்து நல்ல மழை. ஊத்துல செம்மண்ணா வந்துச்சு. காய்ச்சி ஆத்திக் குடுத்தேன். மக டம்ளருக்குள்ள எட்டிப் பாத்துட்டுத் தள்ளி வெச்சா.

"அழுக்கா இருக்கு. மறுபடி ஸ்பாஞ்சு கட்டுப்பா."

"குடிச்சுரு கண்ணு"ன்னேன்.