நிலா ஜெல்லி கொட்டிய கை

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்துக் காட்டும் காட்சியகம் அது. பதினோரு வருஷமாக அவளுக்கு அங்கே ஒரே வேலை, நிலா ஜெல்லிமீன் தொட்டியைப் பராமரிப்பது. வருகிறவர்களிடம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள்: இதற்கு மூளை கிடையாது, இதயம் கிடையாது, எலும்பும் ரத்தமும்கூட இல்லை. குடைபோன்ற உடம்புக்குள் தெரியும் நான்கு லாட வடிவங்கள்தாம் இனப்பெருக்க உறுப்புகள். விளிம்பில் தொங்கும் மெல்லிய இழைகளில் கொட்டும் செல்கள் இருக்கின்றன. தொட்டால் தானாக வெடிக்கும். செத்த பிறகும் கொட்டும்.

“ரொம்ப வலிக்குமா?” என்று யாராவது கேட்பார்கள்.

“எறும்பு கடிச்ச மாதிரி லேசா. கொஞ்ச நேரத்துல போயிடும்.”

அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். பதினான்கு வயதில், இடுப்பளவுக் கடலில், ஏழு வயதுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மணிக்கட்டில் ஏதோ சுரீரென்றது. கையை உதறினாள். அந்த நொடியில் வந்த அலை தங்கையை வாரிக்கொண்டு போனது. அன்று கரையொதுங்கிக் கிடந்ததெல்லாம் இதே ஜெல்லிமீன். அலை இழுத்துவிட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னாள். கையை விட்டதைச் சொல்லவில்லை.

வாரம் ஒருமுறை பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெறுங்கையைத் தொட்டிக்குள் விடுவாள். இந்தச் சின்ன வலிக்கா அவள் கையை விட்டோம் என்று மனசை அறுக்கும். சிவந்த இடத்துக்கு மேலே, தங்கையின் ஈரமான சின்ன விரல்கள் இறுக்கிப் பிடிக்கும்.

ஒரு மதியம், அவள் மறந்துவிட்டுப் போன மருந்துச் சீட்டைக் கொடுக்க வந்த அம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

“என்னடி பண்றே?”

இருபத்தாறு வருஷமாகத் தொண்டையில் நின்றதை அவள் அப்படியே சொல்லிவிட்டாள்.

அம்மா அழவில்லை. வளையலை மேலே ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டாள். ஒரு ஜெல்லிமீன் மெல்ல மிதந்து வந்து மணிக்கட்டை உரசியது. வெடுக்கென்று கை வெளியே வந்துவிட்டது. சொட்டும் கையையே அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

“நான் இழுக்கலடி. கை அதுவா வெளிய வந்துடுச்சு.”

மகள் ஒரு துண்டை எடுத்து அந்தக் கையைத் துடைத்தாள்.

“இப்பவும் குளியலறைல தண்ணிச் சத்தம் கேட்டா, ‘போதும், வெளிய வா’ன்னு சின்னவளைக் கூப்பிட வாயெடுத்துடறேன்,” என்றாள் அம்மா.

அன்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு மகள் அம்மாவோடு சீக்கிரமே கிளம்பினாள். வழியெல்லாம் இரண்டு பேரும் தங்கையைப் பற்றியே பேசினார்கள், வீட்டில் அவள் தனியாகக் காத்திருப்பதுபோல.