மனுவில் ஒரு கையெழுத்து

அண்ணனின் இறப்பைப் பதிய மலாக்கா பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசையில் திறந்து கிடந்த மைப்பெட்டியின் வாடை என்னை மெர்லிமாவ் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

அன்று மழை மாலை. பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். வீடெங்கும் ரப்பர்ப் பாலின் புளித்த நெடி. அமெரிக்கக் குடியேறிகள் அரசனை உதறித் தங்கள் ஆட்சியைத் தாங்களே அமைத்த வரலாற்றைப் பள்ளியில் படித்திருந்த அண்ணன், எங்களை வேலை வாங்கும் கங்காணியை இனி நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று தோட்டத்துத் துரைக்கு மனு எழுதியிருந்தான்.

"அமெரிக்காவுல அவங்க எல்லாரும் பிரகடனத்துல பயப்படாம பேரு போட்டாங்க மாமா," என்றான் அண்ணன்.

"நமக்கு ஏதுடா எழுத்து? கைரேகைதான்லா," என்று பக்கத்து வீட்டு மாமா சிரித்தார்.

எல்லோரும் பெருவிரலைப் பதித்தார்கள். அண்ணன் மட்டும் பெயர் எழுதினான்.

"சின்னதா போடுடா," என்றாள் அம்மா. அவன் பெரிதாகவே எழுதினான்.

மறுநாள் விடியலில், ஆள் கணக்கெடுக்கும் களத்தில் துரை அந்தத் தாளை விரித்தார். எந்த ரேகை யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. படிக்க முடிந்த ஒரே பெயரை உரக்கப் படித்தார். ஒருவரும் தலைநிமிரவில்லை. அண்ணன் தனியாக முன்னே நடந்தான். துரையின் உத்தரவுப்படி மாலைக்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்தோம். அவன் படிப்பும் நின்றது.

அவன் லாரி ஓட்டி என்னைப் படிக்கவைத்தான். அமெரிக்கர்களின் அந்தச் சுதந்திரப் பிரகடனத்தைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தேன். கையெழுத்துகள் வரும் பக்கத்தை மட்டும் நான் ஒருநாளும் வாசித்ததில்லை.