குட்டியானையில் மூன்று பேர்

வசந்தா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான். புருஷன் தேசப்பனுக்கு முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, மரக்காணத்து உப்பைத் திண்டிவனத்துக்கு ஏற்றிப் போகும் அந்தக் குட்டியானை வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். அவள் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். பிறகு எல்லா நாளும் ஒரே ரோடுதான். பெருமுக்கல் மலையைப் போகவரப் பார்ப்பாளே தவிர, ஒருநாளும் வண்டியை நிறுத்தி இறங்கியதில்லை.

மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும், வேலை இருக்காது. போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, உப்பளத்தில் வேலை செய்யும் அவளுடைய கூட்டாளிகள் சவரியம்மாளும் பாக்கியலட்சுமியும் வந்திருந்தார்கள். வண்டி சும்மாதானே நிற்கிறது, வேளாங்கண்ணி வரை போய் வரலாமா என்று சவரியம்மாள் பேச்சுக்குக் கேட்டாள். வசந்தா அதைப் பேச்சோடு விடவில்லை. நிதானமாகப் போகலாம், வண்டியிலேயே படுக்கலாம், எந்த ஊரில் எது ருசியோ அதைச் சாப்பிடலாம் என்றாள்.

மூன்று பொம்பளைகள் ரோட்டில் படுப்பதா என்று தேசப்பன் முறைத்தான். மறுநாள் காலையில் அவனே வண்டியின் பின்பக்கத்தைக் கழுவி, கம்பி வளைத்துத் தார்ப்பாய் கட்டி, ஒரு பல்பும் மாட்டிக் கொடுத்தான். எவ்வளவு கழுவியும் இடுக்கில் இருந்த உப்பு போகவில்லை. போட்ட மெத்தை பிசுபிசுத்தது.

கூனிமேட்டில் பிரியாணி. கடலூரில் சங்கரா மீன் வாங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாக ஸ்டவ்வைப் பற்ற வைத்துக் குழம்பு. ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டுக்கொண்டு அன்றைக்குப் படுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குத் தான் போட்ட திராட்சை ஒயினை சவரியம்மாள் புடவைக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வண்டி நின்ற பிறகுதான் பாட்டில் திறக்கும் என்பது வசந்தாவின் சட்டம். பாக்கியலட்சுமி மட்டும் தொடவில்லை.

சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டபோதே அவள் முகம் சரியில்லை. போன் அடிக்கும், பார்ப்பாள், முந்தானையில் மூடிவிடுவாள். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்திய சாயங்காலம், வசந்தா கேட்டேவிட்டாள்.

அனுமந்தையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக மகன் அரவிந்தனிடம் பொய் சொல்லிவிட்டு வந்தாளாம் பாக்கியலட்சுமி. அவன் சித்திக்குப் போன் போட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு, உடனே வரச் சொல்லிக் கூப்பிட்டபடி இருக்கிறானாம்.

வசந்தாவுக்குக் கோபம் வரவில்லை. வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"திரும்பணும்னா சொல்லு பாக்கியம். இப்பவே போயிடலாம். ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

சவரியம்மாளும் தலையாட்டினாள். இத்தனைக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டுதல் வைத்திருந்தவள் அவள்தான்.

பாக்கியலட்சுமி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தாள். அந்தப் பக்கம் அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"பொய் சொன்னது தப்புதான்டா. கேட்டா நீ உட மாட்டேன்னுதான் அப்பிடிச் சொன்னேன். குக்கர்ல அரிசி வெக்கத் தெரியும்ல? வெச்சிக்க. நான் ஞாயித்துக்கெழம வர்றேன்."

போனை முந்தானையில் மூடாமல் மடியில் வைத்தாள். வசந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து பாக்கியலட்சுமி தானாகவே டம்ளரை நீட்டினாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள், புளிக்கிறதே என்றாள், இன்னொரு வாய் குடித்தாள். பிறகு கல்யாணத்துக்கு முன்னால் தான் ஓடிய ஓட்டப்பந்தயங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று உப்பு வாரியவளுக்கும் அதை ஏற்றிப் போனவளுக்கும் அது தெரியாது.

வேளாங்கண்ணியில் சவரியம்மாள் மெழுகுவத்தி ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினார்கள். அரவிந்தன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், தரங்கம்பாடியில் அலை பெரிசா என்று கேட்டான்.

இந்த மழைக்குத் திருவண்ணாமலைப் பக்கம் போவதாகப் பேச்சு. தானும் வரட்டுமா என்று தேசப்பன் கேட்டிருக்கிறான். மூன்று பேரும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.