கை தூக்கினா ஃபேன் சுத்தும்

சீ, அந்தக் கைத்தட்டல நெனைச்சா இன்னிக்கும் எனக்கு அவமானமா இருக்கு.

மலேசியாவுல, கூலாய் டவுன் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரி. அங்க மின்சாரத்த மிச்சப்படுத்துறதுதான் காலேஜ்ல எங்க கடைசி வருஷ ப்ராஜெக்ட். மலிவான கேமரா மேல இருந்து பாக்கும். கீழ ஆள் இருந்தா ஃபேன் சுத்தும், இல்லன்னா நின்னுடும். அதே ஃபேக்டரியிலதான் என் அக்காவுக்குப் பேக்கிங் வேலை. ஏழு மாச வயிறு. அவ தலைக்கு மேல இருந்த ஃபேனும் எங்க கேமரா சொன்னாத்தான் சுத்தும்.

ஆள்னா எப்படி இருக்கும்னு கேமராவுக்குப் படம் காட்டித்தான் பழக்கணும். எங்க லெக்சரர் சோம்பேறித்தனமா எங்களையே நிக்க வெச்சுப் படம் எடுத்தார். ஃபேக்டரிக்குள்ள வர்ற வெளியாளுங்க ஆரஞ்சு வெஸ்ட் போடணும். அதப் போட்டுக்கிட்டு நாங்க நிமிந்து நின்னு, பல்ல இளிச்சு, கையாட்டினோம். அக்காவும் அவ கூட்டாளிங்களும் சாம்பல் சட்டையில குனிஞ்சு உக்காந்து பெட்டி கட்டுறவங்க. கேமரா கண்ணுக்கு அவங்க ஆளே இல்ல.

ஃபேன் நின்னுபோச்சு. அந்தத் தகரக் கொட்டகைக்குள்ள அக்கா வேர்த்துக் கொட்டி, கால் வீங்கி வீட்டுக்கு வருவா. "தலை சுத்துதுடி, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோ"ன்னு அழுவா.

"சார், அவங்களையும் படம் எடுத்துப் பழக்கலாம் சார்"னு கெஞ்சினேன்.

"இப்பதான் கரண்ட் பில் நல்லா எறங்கியிருக்கு. அதக் கெடுக்கச் சொல்றியா?"ன்னார். வெக்கங்கெட்ட மனுஷன்!

ஃபேக்டரி மேனேஜர் அவரவிட மோசம். "சூடா இருந்தா எந்திரிச்சு கேமராவப் பாத்து கையத் தூக்கி ஆட்டுங்க லா, ஃபேன் வந்துரும்"னு உத்தரவு போட்டார். அலமாக், என்ன கொடுமை! அதுக்கப்புறம் அந்தப் பொம்பளைங்க வேலைய விட்டுட்டு மாத்தி மாத்தி எந்திரிச்சுக் கையாட்டினாங்க. எனக்குப் பாக்கவே அருவருப்பா இருந்துச்சு, அவங்க மேல இல்ல, எங்க மேல.

ப்ராஜெக்ட பாக்கப் பெரிய மனுஷங்க வந்தாங்க. லெக்சரர் ஃபேக்டரிக்குள்ளயே ஒரு திரை வெச்சு, அதுல கேமராவுக்குத் தெரியிற பேக்கிங் பக்கத்தக் காட்டி, "ஆள் இல்லாத எடத்துல ஃபேன் ஓடவே ஓடாது"ன்னு பெருமையா சொன்னார். திரைக்குப் பின்னால கொஞ்ச தூரத்துல அக்கா மேசையப் புடிச்சு மெல்ல எந்திரிச்சு, முழுசா நிமிர முடியாம கையத் தூக்கி ஆட்டினா. வந்தவங்கள்ல ஒருத்தர் தன்னைத்தான் வரவேக்கிறாங்கன்னு நெனைச்சு, சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கையாட்டினார். மத்தவங்க எல்லாரும் கை தட்டினாங்க.

அக்கா சிரிக்கல. ஃபேன் இன்னும் சுத்தல. தூக்கின கைய அவ எறக்கவும் இல்ல.